கருடக்கொடியில் நான் விட்ட பாம்பு

எங்கப்பா செல்லமுத்து இருபது வருசம் புழுவைக் கொன்னார். இப்போ நாலு வருசமா அதே புழுவுக்குச் சோறு போடுறார். இப்படி யாராவது அவர்கிட்ட சொன்னா, "சோறு இல்ல, இலை"ன்னு திருத்துவார். மத்தபடி மறுக்க மாட்டார்.

மருந்தடிக்கிறதுதான் அவர் வேலையா இருந்துச்சு. சங்கராபுரம் பக்கம் யார் கொல்லையில பூச்சி விழுந்தாலும் எங்க வூட்டுக்கு ஆள் வரும். பருத்தி, மக்காச்சோளம், கத்தரின்னு எதுவா இருந்தாலும் அப்பா டேங்க்கை முதுகுல மாட்டிக்கினு கிளம்பிருவார். அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவி, காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்ப்பார். அவருக்கு இருந்த பாதுகாப்பு அது ஒண்ணுதான். ஒருநாள் மக்காச்சோளக் கொல்லையில பாதி வேலையில காத்து திரும்பிருச்சு. வரப்புல விழுந்து நுரை தள்ளினவரைத் தூக்கிக்கினு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. மூணு நாள் கழிச்சுக் கண்ணைத் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "மிச்சம் ரெண்டு டேங்கு யாரு அடிச்சது?" எங்கம்மா இன்னிக்கும் அதைச் சொல்லித்தான் திட்டும்.

இனிமே மருந்து வாசனையே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்தச் சமயத்துலதான் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்துல ஒரு அறக்கட்டளைக்காரங்க பட்டாம்பூச்சிப் பண்ணை ஆரம்பிச்சாங்க. அப்பா வாட்ச்மேன் வேலை கேட்டுப் போனார். அங்க இருந்த மேடம், "புழுக்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"னு கேட்டாங்க.

"கொல்லத் தெரியும்ங்க."

மேடம் சிரிக்கலையாம். எந்தப் புழு எந்த இலையில இருக்கும், மேல் பக்கமா அடிப்பக்கமா, வெயில் ஏறினா எங்க போய் ஒளியும்னு கேட்டுக்கிட்டே போனாங்களாம். அப்பா ஒரு மணி நேரம் பேசிட்டு வந்தார். எங்க வூட்டுல ஒரு வருசத்துக்கே அவ்வளவு பேச மாட்டார். வாட்ச்மேன் வேலைக்கு வேற ஆளைப் போட்டுட்டு, புழு வளர்க்கிற வேலையை அப்பாவுக்குக் கொடுத்தாங்க. ஜென்ம விரோதியோட அட்ரஸ்தான் நமக்கு எப்பவும் கரெக்டாத் தெரியும் போல.

நான் ஷாலினி. பத்தாவதுல கணக்கு என்னை விட்டுட்டுப் போயிருச்சு. நானும் அதைத் தேடிக்கினு போகல. இப்போ அதே பண்ணை கேட்டுல டிக்கெட் கிழிக்கிறேன். "பட்டாம்பூச்சி எங்கம்மா இருக்கு?"ன்னு யாராவது உள்ள போறதுக்கு முன்னாடியே கேட்டா, "இப்பதான் டீ குடிக்கப் போச்சு"ன்னு சொல்லுவேன். இந்த வாய்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு. அதுக்கு வரேன்.

அந்த மேடம் போன வருசம் வேற ஊருக்கு மாறிட்டாங்க. அவங்க இடத்துக்குக் கலையரசன் சார் வந்தார். கெட்டவர்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி அவர் கல்யாண மண்டபத்துல மேனேஜர். எந்த இடத்தைப் பார்த்தாலும் நாளைக்குக் காலையில இங்க முகூர்த்தம்ங்கிற மாதிரியே பார்ப்பார். இலையில ஓட்டை இருந்தா அவருக்குத் தூக்கம் வராது.

அப்பாவுக்கு ஓட்டை இல்லன்னாதான் தூக்கம் வராது.

மலைமேல இருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வந்தப்போ, கூட வந்த வாத்தியார், "செடிக்கெல்லாம் நோய் வந்திருக்கே?"ன்னு வருத்தப்பட்டார். அப்பா சொன்னார், "ஓட்டை இருந்தாத்தான் சார் இது பட்டாம்பூச்சிப் பண்ணை. இல்லன்னா நர்சரி."

அப்புறம் பிள்ளைங்களைப் பின்பக்கத்து வேலிக்குக் கூட்டிக்கினு போனார். அந்தக் கம்பிவேலி முழுக்கக் கருடக்கொடி. அந்தக் கொடி இருக்கிற இடத்துல பாம்பு அண்டாதுன்னு எங்க ஊர்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும். வாசப்படியில கட்டி வைக்கிறவங்களும் இருக்காங்க. அப்பா அதை மலையில இருந்து மூணு தடவை கொண்டாந்து வச்சு மூணு தடவையும் காஞ்சுபோச்சு. நாலாவது தடவை பிடிச்சது. வேலியை மூட ரெண்டு வருசம் ஆச்சு. சிவப்புடல் அழகின்னு ஒரு பட்டாம்பூச்சி. கறுப்பு இறக்கை, உடம்பு மட்டும் ரத்தச் சிவப்பு. அதோட புழுவுக்கு இந்தக் கொடியோ இதோட ஜாதிச் செடியோ இல்லன்னா பட்டினிதான். கொடி நிறைஞ்ச அந்த மழைக்காலம் அதுவாத் தேடி வந்து முட்டை வச்சது. "நாம கூப்புடல. அட்ரஸும் குடுக்கல. வந்துருச்சு பாரு"ன்னு அப்பா அன்னிக்கு என்கிட்ட சொன்ன குரல், நான் பிறந்தப்போ அவருக்கு இருந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்.

பிள்ளைங்க அன்னிக்குப் பார்த்தது முள்ளு முள்ளா, தடியா, மெரூன் கலர்ப் புழுக்களை. அஞ்சாவது படிக்கிற எழில்மதின்னு ஒரு பொண்ணு மட்டும் அங்கேயே குந்திக்கினா. மத்ததுங்க ஊஞ்சலுக்கு ஓடிருச்சு.

"இது எப்போ பட்டாம்பூச்சி ஆவும்?"

"தின்னு முடிச்சுக் கூடு கட்டும். கட்டினப்புறம் ரெண்டு வாரம்."

"அப்போ நாங்க இருக்க மாட்டமே."

அப்பா யோசிச்சார். மூணு வாரத்துல பண்ணையில புது ஹால் திறப்பு விழா வச்சிருந்தாங்க. அறக்கட்டளையோட பெரிய சார் சென்னையில இருந்து வரார். வரவேற்புப் பாட்டுக்கு இதே பள்ளிக்கூடம்தான். கணக்குப் பண்ணா அன்னிக்குச் சில கூடாவது உடையணும்.

"நீ பாட வர்ற அன்னிக்கு உன் கண்ணு முன்னாடியே வெளிய வரும்"னார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் சைக்கிள் கேட்டு ஆறு வருசமா அவர் சொன்ன ஒரே பதில் "பாக்கலாம்". அந்த மனுசன் ஊர் பேர் தெரியாத பொண்ணுக்கு வாக்கு கொடுக்கிறார். அதுவும் புழுவை நம்பி.

அடுத்து வந்த நாளுங்கள்ல வேலியில கூடு கட்ட ஆரம்பிச்சது. பார்த்தா கூடு மாதிரியே இருக்காது, சுருண்டு காஞ்ச இலை மாதிரி இருக்கும். மொத்தம் நாப்பத்தொண்ணு. அப்பா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய் எண்ணுவார். விழாவுக்கு நாலு நாள் இருக்கிறப்போ, முன்பக்கம் களை வெட்ட ஆள் விட்டுட்டுக் கலையரசன் சார் பின்பக்கம் வந்தார்.

"இன்னா செல்லமுத்து, இது காடு மாதிரி கெடக்கு? இதையும் வெட்டிரச் சொல்லுங்க."

"சார், அதுலதான் கூடு இருக்குதுங்க."

"எங்க?"

அப்பா காட்டினார். சார் குனிஞ்சு பார்த்தார். "காஞ்ச சருகுய்யா இது."

"அதுக்காவத்தான்ங்க அது அப்புடி இருக்குது."

கால் மணி நேரம் பேசி, முன்பக்கம் எல்லாம் முடிஞ்சப்புறம் நேரம் இருந்தாத்தான் வேலின்னு ஒத்துக்கினார். அப்பா அதுவே போதும்னு இருந்தார். எனக்குப் போதல. நேரம் இருந்துருச்சுன்னா?

மறுநாள் அப்பா பண்ணை வண்டியில மலைக்குப் போயிட்டார், செடிக் கன்னு எடுத்துக்கினு வர. களை வெட்டுற பொம்பளைங்க வேப்பமரத்தடியில கஞ்சி குடிச்சிக்கினு இருந்தாங்க. நான் மூச்சு வாங்கற மாதிரி ஓடிப்போய், "அத்தே, பின்னாடி வேலியில நாகம். இவ்ளோ தடி"ன்னு கையைக் காட்டினேன். பயந்துக்கினு அந்தப் பக்கமே போக மாட்டாங்கன்னு திட்டம்.

ஆயம்மா அத்தைதான் அவங்களுக்கு மேஸ்திரி மாதிரி. கஞ்சியை நிறுத்தாமலே கேட்டாங்க. "எந்த வேலிடி?"

"கருடக்கொடி வேலி."

எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க! ஒருத்திக்குப் புரையேறிருச்சு.

"அடியே, கருடக்கொடியில நாகமா? அதுக்கு வேற எடமே கெடைக்கலயா? பொய் சொல்றவ கொஞ்சம் தள்ளி எலுமிச்சையில வுட்டிருந்தா நம்பியிருப்பேன்."

எனக்கே நெத்தியில அடிச்சிக்கணும் போல இருந்துச்சு. சின்னக் குழந்தைக்குத் தெரிஞ்சது அந்த நிமிசம் எனக்குத் தோணல. ஆனா அந்த விசயம் தெரியாத ஒரே ஆள் எனக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்தார்.

"பாம்பா?"ன்னார் கலையரசன் சார். முகம் வெளுத்துருச்சு. "பெரிய சார் வர்ற எடத்துல பாம்பா?"

"போயிருச்சு சார்"னேன். ஒரு பொய்யை அணைக்க இன்னொண்ணு. "மலைப்பக்கம் போயிருச்சு."

"திரும்பி வராதுன்னு இன்னா கியாரண்டி? ஆயம்மா, மத்த வேலையெல்லாம் வுடுங்க. முதல்ல அந்த வேலி. வேரோட புடுங்கிப் போட்டுக் கொளுத்துங்க."

"சார், அந்தக் கொடிக்குப் பாம்பு வராதுங்க"ன்னாங்க அத்தை.

"இந்தப் பொண்ணு கண்ணால பாத்திருக்குது."

"பாக்கல சார்! சும்மா சொன்னேன்! விளையாட்டுக்கு!"

"பயத்துல பேச்சை மாத்தாதம்மா. நீ கேட்டுக்குப் போ."

சொன்ன ஆயிரம் பொய்யில ஒண்ணைத்தான் ஒருத்தர் முழுசா நம்பினார். அதுவும் இதை. நான் கேட்டுக்குப் போகல. வெட்டுற அரிவாளுக்கு முன்னாடி ஓடி ஓடிக் கூட்டைப் பிய்ச்சேன். பதட்டத்துல எது சருகு எது கூடுன்னு எனக்கே தெரியல. மடியில சேர்ந்ததுல பாதி சருகு. சார் வந்து கையைப் பிடிச்சு வெளிய இழுத்து விட்டார். அரை மணி நேரத்துல வேலி வெறும் கம்பி. ரெண்டு வருசம் அது.

அப்பா வண்டியில இருந்து இறங்கினதும் நின்னார். அவர் மூக்கு மருந்தால கெட்டுப்போன மூக்கு, ஆனா கருடக்கொடி எரியற கசப்பு நெடி மட்டும் எப்படியோ தெரிஞ்சிருக்கு. கன்னை அப்படியே போட்டுட்டு ஓடினார். எரியற குமியில வெறுங்கையை விட்டு, கொடியைக் கத்தை கத்தையா வெளிய இழுத்தார். ஆயம்மா அத்தை குடத்துத் தண்ணியை ஊத்தினாங்க. நான் மடியை விரிச்சுக் காட்டினேன்.

என் மடியில ஏழு. குமியில நாலு. பதினொண்ணு.

அப்பா விரல் கொப்புளத்தைப் பார்க்காம, கூட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"பாம்பை நீ பாத்தியாம்மே?"

"இல்லப்பா."

"பின்ன?"

"வெட்ட வராம இருக்கட்டும்னு..."

ஒரு அறை விட்டிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். அவர் சாம்பலைத் தட்டிக்கினே, "நான் மருந்தடிச்சப்போ கூட இவ்ளோ வேகமாச் சாவல"ன்னார். அவ்வளவுதான்.

மிச்சம் பேசினது ஆயம்மா அத்தைதான். கண்ணுல தண்ணி, வாய்ல திட்டு. "சருகுன்னு நெனச்சுட்டேனே அண்ணே. ஏன் அண்ணே இது சருகு மாதிரி இருக்குது? பூவு மாதிரி இருந்திருந்தா வெட்டியிருப்பனா?" யார்மேல கோவம்னே தெரியல. அப்புறம் முந்தானையில கண்ணைத் தொடச்சிக்கினு, "தொங்க வுடணுமா? நூலு குடு"ன்னாங்க. கூட்டோட வால் நுனியில கொஞ்சம் பட்டு நூல் ஒட்டிக்கினு இருக்கும். மல்லிப்பூக் காம்பைச் சுருக்குல போடுற மாதிரி அதைப் போட்டு, நசுங்காம இறுக்கினாங்க. நானும் கட்டினேன். ஷெட்டுல ஒரு மூங்கில் குச்சியில பதினொரு கூடு, யாரும் வைக்க மாட்டாத பூச்சரம் மாதிரி தொங்குச்சு.

விழா அன்னிக்கு ஒண்ணு கறுத்திருந்தது. கறுத்தா அன்னிக்கே உடையும். அப்பா குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கினு அது பக்கத்துலயே நின்னார். குரோட்டன்ஸ் செடியிலெல்லாம் கலையரசன் சார் கள்ளக்குறிச்சியில இருந்து வாங்கியாந்த பிளாஸ்டிக் பட்டாம்பூச்சியைக் குத்தி வச்சிருந்தார். ஒரு இலையிலயும் ஓட்டை இல்ல.

பிள்ளைங்க ஒம்பது மணிக்கே வந்துட்டாங்க. கையில பூத்தட்டோட கேட்டுல வரிசையா நிக்க வச்சாங்க. பெரிய சார் பத்து மணிக்கு வரணும். ஒம்பதே முக்காலுக்குக் கூடு முதுகுல கீறல் விட்டுச்சு. அப்பா கேட்டுக்கு ஓடி வந்தார்.

"சார், ரெண்டே நிமிசம். அந்த ஒரு புள்ளைய மட்டும் அனுப்புங்க."

"வரிசை கலைஞ்சிரும் செல்லமுத்து. கார் வந்துக்கினே இருக்குது."

"வந்துட்டு ஓடியாந்துரும்ங்க."

"சொன்னாப் புரியாதா உங்களுக்கு?"

எழில்மதி அப்பாவைப் பார்த்தா. அப்பா தரையைப் பார்த்தார். கார் பதினொன்னரைக்கு வந்துச்சு. பாட்டு, ரிப்பன், கைத்தட்டல். பெரிய சார் ஒரு பிளாஸ்டிக் பட்டாம்பூச்சிகிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கினு இருபது நிமிசத்துல கிளம்பிட்டார். அப்பதான் வரிசையைக் கலைச்சாங்க.

ஷெட்டுல காலி ஓடுதான் தொங்கிக்கினு இருந்தது. இறக்கை காஞ்சதும் அது கிளம்பிருச்சு. யாருக்காவது காத்திருக்குமா?

"வந்துருச்சா?"ன்னா எழில்மதி.

"வந்துருச்சும்மா. நீ அங்க நின்னுக்கினு இருந்தியா... போயிருச்சு."

அவ அழல. வேலியைப் பார்க்கணும்னா. வெறும் கம்பிகிட்ட ஒரு சிவப்புடல் அழகி தாழப் பறந்துக்கினு இருந்தது. கம்பியைத் தொடும், விலகும், மறுபடி தொடும்.

"இதுவா?"

"இல்ல, இது வேற. பழசு. முட்டை வைக்க வந்திருக்குது."

"இலை எங்க?"

அப்பா கம்பியில சுத்தியிருந்த காஞ்ச கொடித் துண்டைப் பிரிச்செடுத்தார். என்னைப் பார்க்கல. அதுதான் தாங்க முடியல. "நான்தான் பாம்பு இருக்குதுன்னு பொய் சொன்னேன். அதனால வெட்டிட்டாங்க"ன்னேன்.

அந்தப் பொண்ணு என்னை மேலயும் கீழயும் பார்த்தா. "கருடக்கொடிக்குப் பாம்பு வராதே, அக்கா. இது கூடவா உங்களுக்குத் தெரியாது?"

அப்பா அன்னிக்கு ஒரே தடவை சிரிச்சார். சிரிப்புன்னு சொல்ல முடியாது, மூக்கு வழியாக் கொஞ்சம் காத்து.

மிச்சம் பத்துல ஆறு உடைஞ்சு பறந்துச்சு. நாலு உடையவே இல்ல. ஒவ்வொண்ணையும் அப்பா ஒரு வாரம் வரைக்கும் தினம் போய்ப் பார்த்தார்.

அப்புறம் ரெண்டு மழை. வேலி அடியில அஞ்சு இடத்துல தளிர் விட்டுச்சு. வேரோடப் பிடுங்கச் சொன்னாரே, எப்படின்னு ஆயம்மா அத்தையைக் கேட்டா, "இடுப்பு வலிடி, யாரு குனியறது?"ன்னாங்க. தினம் நூறு தடவை குனியற இடுப்பு அது.

கலையரசன் சார் அந்த இடத்துல குரோட்டன்ஸ் வைக்கணும்ங்கிறார். அப்பா வேணாங்கிறார். தினம் இதே பேச்சுதான். நான் ஒரு அட்டையில எழுதி வேலியில கட்டினேன்: "இந்த இலையில் ஓட்டை விழும். விழணும். வெட்டாதீர். இங்கே பாம்பு கிடையாது." அசிங்கமா இருக்குன்னு சார் கழட்டிட்டார். மறுபடி கட்டினேன், மறுபடி கழட்டினார். மூணாவதைக் காணோம்.

இப்போ நாலாவது எழுதிக்கினு இருக்கேன். அப்பாவுக்கு பஸ் போர்டு தவிர படிக்க வராது. ஆனாலும் பக்கத்துல குந்திக்கினு, நான் வாசிக்க வாசிக்க எழுத்து எழுத்தா விரலால தடவிப் பார்த்துட்டுச் சொல்றார்:

"ஓட்டைங்கிறதை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு."