நெயில் பாலிஷ் வைத்த ஸ்க்ரூ

போன சனிக்கிழமை காலை அம்பத்தூர் எஸ்டேட்டில், நாலு பேர் பார்க்க ஒரு மெக்கானிக்கைத் திட்டித் தீர்த்தேன். தப்பு என்னுடையது. அது தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எழுதவே கூசுகிறது.

என்னிடம் ஒரு பழைய செடான் உண்டு என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகரும். சாதாரண கார்களில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே த்ராட்டில், அதாவது காற்று உள்ளே போக ஒரே கதவு. அங்கிருந்து காற்று நடந்து போய்ச் சேர வேண்டும். சிலிண்டருக்கு ஒரு கதவு என்று, அதன் வாசலிலேயே வைத்துவிட்டால்? மிதித்ததும் பாயும்!

"பவரு பெருசா ஏறாது சார்" என்று முதலிலேயே சொன்னார் மெக்கானிக் ஏழுமலை. "இன்ஜின்ல வேற எதையும் மாத்தல, மேல போனா கொஞ்சம் தெரியும். ஆனா ரெஸ்பான்ஸு... மிதிச்சா கும்முனு போவும்."

ஆவடி ரோட்டு டிராஃபிக்கில் கும்மென்று எங்கே போவது? அதையெல்லாம் ஆசை கேட்குமா என்ன?

நாலையும் பொருத்தி, நாலும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று மீட்டர் வைத்து சரிபார்த்தார். பிறகு தன் மகளின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நாலு ஸ்க்ரூவிலும் ஒரு சொட்டு வைத்தார். யாராவது திருகினால் காய்ந்த பூச்சு வெடித்து, காட்டிக் கொடுத்துவிடும்.

"சேப்பா வெச்சிகீறேன் பாருங்க. அத்த மட்டும் தொடாதீங்க சார்."

மூன்று வாரம் சொர்க்கம். அதற்குப் பிறகுதான் சனி வீடியோ ரூபத்தில் வந்தது. யாரோ ஒருவர் இந்த ஸ்க்ரூக்களை அரைச் சுற்றுத் திருப்பி, 'இப்போ பாருங்க' என்றார். நானும் ஞாயிற்றுக்கிழமை அயனம்பாக்கம் ஃபிளாட் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்தேன். முதல் ஸ்க்ரூவைத் திருப்பினேன். இரண்டாவதற்குப் போவதற்குள் மனைவி டிபனுக்குக் கூப்பிட்டாள். பொங்கல். அப்படியே மூடிவிட்டுப் போய்விட்டேன்.

அந்த வாரம் முழுக்க சிக்னலில் நின்றால் வண்டி உதறியது. வெள்ளிக்கிழமை, ஆபீஸ் நண்பர்களை ஏற்றிக்கொண்டு பெருமையடித்த நேரத்தில், நடுரோட்டில் அணைந்தே போனது. பின்னால் ஒரே ஹாரன். நண்பர்கள் சிரித்தார்கள்.

அந்தக் கோபத்தோடுதான் சனிக்கிழமை போனேன். "வேலை தெரிஞ்சா செய்யணும்... தெரியலன்னா ஏன் கை வைக்கிறீங்க?" ஏழுமலையைப் பேசவே விடவில்லை. இதே வேலையைத் தன் காருக்குச் செய்யலாமா என்று கேட்க, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நான் கத்துவதைப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரேங்க" என்று கிளம்பிவிட்டார்.

ஏழுமலை பானெட்டைத் திறந்தார். முதல் ஸ்க்ரூவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிவப்புப் பூச்சு வெடித்துக் கிடந்தது. எனக்குக் காது வரை சுட்டது.

"குந்துங்க சார். செஞ்சி குட்த்துட்றேன்." அவ்வளவுதான் சொன்னார். மீட்டரில் மூன்று முள் ஒரே கோட்டில், ஒன்று மட்டும் தனியே. அரைச் சுற்றுத் திருப்பினார், அதுவும் சேர்ந்துகொண்டது. மறுபடியும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

நான்? "தேங்க்ஸ்" என்றேன். கிளம்பிவிட்டேன்!

வண்டி வெண்ணெயாகப் போனது. அதுதான் தாங்கவில்லை. சாப்பிடும்போதெல்லாம் அந்த "குந்துங்க சார்" காதில் விழுந்தது. புதன்கிழமைதான் போனேன்.

"ஏழுமலை... அந்த ஸ்க்ரூவைத் திருகினது நான்தான்."

"தெரியும் சார்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நாலு பேர் கீறாங்க. உங்கள எப்டி சார் அசிங்கப்படுத்துறது?"

அவரை அசிங்கப்படுத்த எனக்கு அந்த நாலு பேர் தடையாக இருக்கவில்லையே! ஆவடிக்காரரின் நம்பரை வாங்கி, அங்கேயே நின்று போன் போட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"அடடா... நேத்துதான் சார் வேற ஷெட்ல வண்டிய விட்டேன். பிரிச்சும் போட்டுட்டாங்களே."

போனை வைத்தேன். ஏழுமலை முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உடுங்க சார், டீ சாப்புட்றீங்களா?" என்றார்.

நாலு பேர் எதிரில் திட்டியவன் நாலு பேர் எதிரில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த வாரப் பத்தி அதற்குத்தான்.

என் வண்டி இப்போது மிதித்ததும் பாய்கிறது... ஓட்டுகிறவனுக்குத்தான் நாலு நாள் ஆகிறது.