அம்பயரின் அப்பா எங்கே உட்காருவது?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பேஸ்பால் ஸ்டேடியத்தில் எழுந்து நின்று கை தட்டினேன். சுற்றி இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்டுட்கார்ட்டில் என் கீழ்வீட்டுக்காரர் நவம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். கார் பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் வேலை. அவர் மகள் தர்ஷினி பேஸ்பால் அம்பயர். அன்றுதான் ஜெர்மனியின் முதல் டிவிஷனில் அவளுக்கு முதல் மேட்ச். அப்பா அந்தப் பக்கமே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

காரணம் இருக்கிறது. போன வருடம் கீழ் டிவிஷன் மேட்ச் ஒன்றில் அவளைத் திட்டிய ஒருவரோடு அண்ணை மல்லுக்கு நின்றுவிட்டார். ஆட்டத்தை நிறுத்தி, தன் சொந்த அப்பாவையே அவள் வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. இன்னொரு முறை அப்படி நடந்தால் அவள் மறுபடி அவரைக் கூப்பிடுவாளா?

ஆனாலும் அண்ணைக்கு மனசு கேட்கவில்லை. "தனியப் போனா என்ர வாய் சும்மா கிடவாது. நீங்களும் வாங்கோ, தங்கச்சி" என்றார். போனேன்.

ஸ்டேடியம் எப்படி? டிவியில் வரும் அமெரிக்க ஸ்டேடியங்களை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். நாலு வரிசை மரப் பெஞ்ச். கூரை கிடையாது. ஸ்கோர்போர்டில் பாதி விளக்கு எரியவில்லை. ஆனால் பந்து கேட்ச்சரின் கையுறையில் விழும் சத்தம் 'டப்' என்று பக்கத்தில் கேட்கிறது. வீரர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்வதுகூட... கேன்டீன் உருளைக்கிழங்கு சாலடுக்குத் தனியாக மார்க் போடலாம்.

சரி, எங்கே உட்காருவது? அடிப்பவருக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம்தான் நம்பர் ஒன் இடம். அம்பயர் நிற்பதும் அங்கேதான் — எங்களுக்கு ஆகாது. பக்கத்துப் பெஞ்சுகளில் பியரும் கையுமாக உள்ளூர் ரசிகர்கள். அண்ணைக்கு அதுவும் ஆபத்து. கடைசியில் மைதானத்தின் கோடியில், வேலிக்கு வெளியே புல்மேட்டில் உட்கார்ந்தோம். முகத்தில் வெயில். தர்ஷினி கட்டைவிரல் உயரம்தான் தெரிந்தாள். அண்ணை கண்ணை எடுக்கவில்லை.

இரண்டாவது இன்னிங்ஸில் நான் சொதப்பினேன். ஒருவர் அடித்த பந்து பின்பக்க வலையைத் தாண்டி கார் பார்க்கிங்கில் போய் விழுந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கை சும்மா இருக்குமா? சிக்ஸர் என்று எழுந்து நின்று தட்டினேன். பேஸ்பாலில் அது ஃபவுல்... ரன்னே கிடையாது! அண்ணை பதறி என்னை உட்காரச் சொல்வதற்குள் தர்ஷினியின் கம்பி முகமூடி எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. மாட்டிக்கொண்டோம்.

கடைசி இன்னிங்ஸ். ஸ்கோர் சமம். உள்ளூர் வீரர் ஒருவர் ஓடி வந்து, ஜெயிக்கும் ரன்னுக்காகச் சறுக்கி விழுந்தார். அவுட் என்று கையை உயர்த்தினாள் தர்ஷினி. பெஞ்சுகள் கொதித்தன. புல்மேட்டில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், கண் தெரியாதா, வீட்டுக்குப் போ என்று ஜெர்மனில் கத்தினார். அண்ணையின் விரல்கள் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்தன.

அண்ணை வாய் திறந்தார். என்னிடம் மட்டும், மெதுவாக.

"எனக்கும் அவுட் இல்லைப் போலத்தான் கிடக்கு, தங்கச்சி. ஆனா கிட்ட நிண்டது அவள்தானே."

அவ்வளவுதான். பெரியவர் ஓயும்வரை கத்தினார். அண்ணை அசையவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

ஆட்டம் நீண்டு, உள்ளூர் அணி தோற்றது. கார் பார்க்கிங்கில் தர்ஷினி எங்களைத் தேடி வந்தாள். தப்பெல்லாம் என் மேல்தான் என்று நான் முந்திக்கொண்டேன். அவள் அப்பாவையே பார்த்தாள்.

"அந்தக் கடைசி அவுட் சரியோ, அப்பா?"

"வெயில் கண்ணுக்கை அடிச்சது, பிள்ளை. வடிவாத் தெரியேல்ல."

அவள் முகமூடியைப் பையில் வைத்தாள்.

"அடுத்த கிழமையும் எனக்கு மேட்ச் இருக்கு" என்றாள். "வலைக்குப் பின்னால வந்து இருங்கோ."

நல்ல சீட் வேண்டுமா? சில நேரம் கண் தெரியாமல் இருக்கத் தெரிய வேண்டும்!