எனக்கு வராத அம்மை

எனக்கு அம்மை போட்டதே இல்லை. ஆனால் எட்டு வயதில் எனக்கு அம்மை போட்டு, இறங்கி, தண்ணீர் ஊற்றினார்கள் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். ஒரு தழும்புகூட இல்லாமல் இறங்கிவிட்டதே, புண்ணியம் செய்த பிள்ளை என்று என் கன்னத்தைத் தடவிப் பார்த்தவர்கள் உண்டு. அப்போதெல்லாம் வெட்கத்தில் எனக்கு முகம் எரியும். இதை எழுதும்போதும் எரிகிறது.

ஜெர்மன் சண்டை முடிகிற சமயத்தில் ஊரை வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சலைப் பற்றிச் சொல்கிறேன். ஆம்பூரில் பாலாற்றை ஒட்டியிருந்த தோல் கிடங்குகளுக்குப் பின்புறத் தெருவில் குடியிருந்தோம். அப்பா ஒரு கிடங்கில் மேஸ்திரி. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் படுத்துவிட்டார்கள். ஆனால் சுண்ணாம்புக் குழியில் போட்ட தோல் யாருக்காகவும் காத்திருக்காது. நாள் ஜாஸ்தியானால் ஊறிக் கெட்டுப்போகும். அதனால் நடமாட முடிந்தவர்களை முதலாளி கிடங்கிலேயே தங்க வைத்துவிட்டார். அப்பாவும் அங்கேயே தங்கினார். வீட்டில் அம்மாவும் நானும் பால் மறக்காத தம்பியும் மட்டும் இருந்தோம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். பெற்றவள் படுத்துவிட்டால் அவள் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, பக்கத்து வீட்டிலேயே தூங்கும். இதற்கு யாரும் யாரையும் அனுமதி கேட்பதில்லை. பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். தம்பி பிறந்தபோது நான் அடுத்த வீட்டில்தான் கிடந்தேன். அந்த வீட்டு அத்தை எங்களுக்கு உறவில்லை, கூப்பிட்டுப் பழகிய முறைதான். தன் மகளுக்கும் எனக்கும் ஒரே தட்டில் பிசைந்து ஊட்டினாள். எனக்குப் பேன் பார்த்தாள். நான் படுக்கையை நனைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

காய்ச்சல் அந்த வீட்டுக்கும் வந்தது. அத்தையின் வீட்டுக்காரரும் கிடங்கில்தான் இருந்தார். அத்தை இருமுவது சுவரைத் தாண்டிக் கேட்டது. மகளுக்கு என் வயது, பையனுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. தெருவில் மற்ற வீடுகளிலும் ஆட்கள் படுத்திருந்ததால், இனி எந்த நேரமும் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், வந்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அம்மாவுக்கு அது தெரியும். எனக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவள். தம்பியை மடியிலிருந்து இறக்காமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து கொல்லைக்குப் போய், வேப்பங்கொத்து ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள். அம்மை கண்ட வீடு என்பதற்கு அதுதான் அடையாளம். ஆத்தா குடியிருக்கும் வீட்டுக்குள் வெளியாட்கள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பேச்சுக்கே இடமில்லை.

"நீதான் படுத்திருக்கே. யாரு வந்தாலும் கண்ணத் தொறக்காத" என்றாள் என்னிடம்.

முதலில் எனக்குக் குஷியாகத்தான் இருந்தது. வேப்பிலைப் படுக்கை, வேலை ஒன்றும் கிடையாது, குடிக்க இளநீர். கடுகு வாசனை தெருவுக்குப் போனால் குட்டு உடைந்துவிடும் என்று அம்மா தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மறுநாள் அத்தை வந்தாள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பையன் அவள் தோளில் துவண்டு கிடந்தான். மகள் கையில் மாற்றுத்துணி மூட்டை இருந்தது. வேப்பிலையைக் கண்டதும் அத்தை தெருவிலேயே நின்றுவிட்டாள். குழந்தைக்கு எப்படி இருக்கிறது, முத்து ஜாஸ்தியா கம்மியா என்று என்னைப் பற்றித்தான் விசாரித்தாள். எதற்காக வந்தாள் என்று சொல்லவே இல்லை. அம்மாவும் கேட்கவில்லை. அத்தை சுவரைப் பிடித்துப் பிடித்துத் தன் வீட்டுக்குத் திரும்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அத்தையின் மகள் ஒரு சட்டிக் கூழைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தாள். ஆத்தாளுக்கு அவள் அம்மா கொடுத்தனுப்பியதாம். கேழ்வரகு கிடைக்காமல் ஊரே திண்டாடிய நேரம். அந்தக் கூழை ஆத்தா குடிக்கவில்லை, நான் குடித்தேன். சின்ன வெங்காயம்கூட நறுக்கிப் போட்டிருந்தார்கள். சட்டியை வழித்து நக்கினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்தான் அந்த வீட்டுக்கு அம்மா. தன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே கிணற்றில் தண்ணீர் இறைத்தாள், அடுப்பு மூட்டினாள், கந்தை அலசினாள். பையன் அழுகிற சத்தம் நாளுக்கு நாள் சன்னமானது. ஒரு நாள் மத்தியானம் எங்கள் வாசலுக்கு வந்து, நிலையில் இருக்கிற வேப்பிலை கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள். "தம்பி கண்ணே தொறக்க மாட்டேங்குது. ஆத்தா தொட்ட எல, அவன் மேல வெச்சா சரியாப்பூடும்னு அம்மா சொன்னாங்க."

நான் எழுந்து வாசலில் போய் நின்றிருந்தால் போதும். ஒரு கொப்புளம்கூட இல்லாத உடம்பைப் பார்த்திருப்பாள். பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்திருப்பாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. அம்மா சொன்னதற்காக மட்டுமில்லை, அந்தக் காய்ச்சல் எனக்கு வந்துவிடும் என்ற பயத்தாலும்தான். அம்மா நாலு கொத்து உருவிப் படிக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே நகர்ந்துகொண்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் பையன் போய்விட்டான். கிடங்கிலிருந்து அவன் அப்பாவும் என் அப்பாவும் வந்து ஆற்றங்கரைக்கு எடுத்துப் போனார்கள்.

அம்மை இறங்கினால் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட வெந்நீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும். அம்மா அதையும் செய்தாள். செய்யாவிட்டால் தெரு கேட்கும். நான் ஈரத்தலையோடு வாசலில் நின்றபோது அத்தை வந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது, உடம்பு பாதியாகியிருந்தது. படிக்கு அப்பாலேயே நின்று அம்மாவைக் கும்பிட்டாள்.

"அக்கா, குளிக்காத ஒடம்போட, தீட்டோட ஒங்க வாசல்ல வந்து நின்னுட்டேன். ஆத்தாளுக்கு ஆவல. அதான் எம்புள்ளைய எடுத்துக்கினா. நீயும் மன்னிச்சுக்கோ."

அம்மா சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் உதடு அசைந்தது. அப்புறம், "ஆத்தா மன்னிச்சுட்டா. நீ போய்ப் படு" என்றாள்.

அத்தைக்கு முகம் தெளிந்ததை என் கண்ணால் பார்த்தேன். என் பக்கம் திரும்பி, கையை நீட்டப் போய், தீட்டு என்று இழுத்துக்கொண்டாள்.

"நீயாச்சும் பொழச்சியே கண்ணு" என்றாள்.