தாளில் ஏறாத வரிகள்

"கத்திய அப்படிப் பிடிக்காதே. உள்ள இருக்கறதையும் சேத்து அறுத்துருவே," என்றார் சக்கெலாரி.

"ஏழு வருஷமா பெட்டி பிரிக்கறேன் அண்ணே. நீங்க பேசாம உக்காருங்க."

"உக்காந்துதான் இருக்கேன். உக்காந்து உக்காந்து இந்த நாற்காலிக்கே என்னைப் பிடிக்காமப் போச்சு."

தெமெலினா நாடாவைக் கீறி அட்டைப் பெட்டியின் காதுகளை விரித்தாள். ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து வந்திருந்தது. மேலாக நான்கு வரியில் ஓர் ஆங்கிலக் குறிப்பு. எழுதியவள் நிக்கித்தாவின் மகள். அப்பா ஆகஸ்டில் இறந்துவிட்டார், அலமாரியில் இவை கிடந்தன, இந்த எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது, ஊருக்கே போய்ச் சேரட்டும். குறிப்புக்குக் கீழே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு, அதில் கண்ணாடிக்குப் பதில் ஒரு சாவி. அடியில் ஷூ கயிற்றால் கட்டிய நீல ஏரோகிராம்கள், தாளே உறையாக மடிகிற விமானக் கடிதங்கள்.

சக்கெலாரி காலுறையைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார். அவர் நிக்கித்தாவின் தம்பி. எண்பத்திரண்டு வயது.

"அம்மா பின்னுனது. ஒரு நாள்கூடப் போடல பாரு, தொர. பட்டணத்துக்காரன் ஆயிட்டாரு."

"அங்க குளிரே கிடையாதாம்."

"நீ அவனுக்கு வக்காலத்து வாங்காதே. கடுதாசிய எடு. ஐம்பத்தொன்பது பிப்ரவரி. அது ஒண்ணு போதும். அதக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டு. கோடைக்கு வர்ற ஆஸ்திரேலியாக்காரங்க எல்லாம் படிக்கட்டும், அவனை என்ன கேட்டோம்னு. கேட்டும் பதில் சொல்லாத மனுஷன் அவன்னு தெரியட்டும்."

தெமெலினா ஷூ கயிற்றின் முடிச்சைப் பிரிக்க முயன்றாள். விரல் வழுக்கியது. அந்தத் தாள்களில் இருந்த எழுத்து அவளுடையது.

*

அவளுடைய பத்தாவது வயதில் அந்தக் கிரேக்கத் தீவில் கடிதம் எழுதத் தெரிந்த பெண்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். தீவை ஆண்ட இத்தாலிக்காரர்கள் பள்ளியைத் தங்கள் மொழிக்கு மாற்றிய வருடங்களில் பலர் படிப்பை விட்டார்கள். அதற்கு முந்தியவர்கள் பள்ளிப் பக்கமே போகவில்லை. பிள்ளைகள் மட்டும் பிழைக்கக் கப்பலேறிப் போனார்கள். பள்ளியில் குண்டு குண்டாக அழகாக எழுதுகிறாள் என்று தெமெலினாவுக்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏதாவது ஒரு வீட்டில் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். எழுதி முடித்தால் கையில் ஒரு பிடி உலர்ந்த அத்திப்பழம்.

பிறகு அவள் வளர்ந்து, முப்பது வருடம் தீவின் தொலைபேசி நிலையத்தில் இருந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துவிட்டாள். கணவன் கப்பலில் இஞ்சின் அறைக்காரன். ஒன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் கூட்டிக் கழித்தால் பதினான்கு மாதம் கரையில் இருந்திருப்பான். சாவும் கடலிலேயே வந்தது. மகன் பிரேயஸ் துறைமுகத்தில். ஞாயிறு மாலை கூப்பிடுவான், பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு துறைமுகத்துப் பழைய சுங்கக் கட்டடத்தின் இரண்டு அறைகளை ஊராட்சி அவளிடம் கொடுத்தது. ஊரின் கடிதங்களையும் நினைவுப் பொருட்களையும் வைக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டவளே அவள்தான். கல்யாணத்தில் தலையில் வைக்கும் மெழுகுப்பூ மகுடங்கள் வந்தன, மாலுமிகளின் பணிப் புத்தகங்கள் வந்தன, ஒரு பல் செட்கூட வந்தது. எல்லாவற்றுக்கும் மென்பென்சிலில் எண் போட்டு, உறையிலிட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைத்து மூடினாள். வெளிநாட்டுச் சங்கங்களுக்கெல்லாம் எழுதியதும் அவள்தான். உங்கள் வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் அனுப்புங்கள். டார்வினுக்கும் எழுதினாள். அதை எழுதும்போது நிக்கித்தாவின் அம்மா மரூக்லாவுக்காக எழுதிய கடிதம் ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. யார் அதையெல்லாம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

குளிர்காலத்தில் தீவில் நூற்று முப்பது பேர். காப்பகத்துக்கு வருகிறவர் ஒருவர். புதன்கிழமை, பதினொரு மணி. சக்கெலாரி நான்கு முட்டையோ ஒரு துண்டு வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டியோ கொண்டுவந்து மேசை மூலையில் வைப்பார். கண்ணில் புரை, ஆனாலும் புகைப்படத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்து ஆளைச் சொல்லிவிடுவார். "இவன் நல்ல திருடன், எழுதிக்கோ." அவள் 'விவசாயி' என்று எழுதுவாள். "இவ மாமியார விஷம் வெச்சுக் கொன்னவ." 'இல்லத்தரசி'. அவர் ஒரு மணிக்குக் கிளம்பிப் போனதும் அறையில் அலை சத்தம் கேட்கத் தொடங்கும்.

*

தீவின் வழக்கப்படி அப்பனின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. இளையவனுக்கு மூத்தவன் வாய் திறந்து கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வடக்குச் சரிவில் ஐந்து அடுக்கு நிலமும் ஒரு மழைநீர்த் தொட்டியும் நிக்கித்தாவுக்கு வந்தன. அவன் இருபத்திரண்டு வயதில் ஆஸ்திரேலியா போனான். சக்கெலாரி உழுதார். பார்லி போட்டார், வெங்காயம் போட்டார். ஒரு மரம்கூட நடவில்லை. மரம் வைப்பது உடையவன் வேலை.

பதினேழு வயதில் அவருக்கு செவஸ்தியைப் பிடித்திருந்தது. நிலம் உன் பேரில் ஆகட்டும், அப்புறம் வா என்றான் பெண்ணின் அப்பன். அன்றைக்குத்தான் அம்மா மரூக்லா தெமெலினாவை வரச் சொன்னாள், மூத்தவனுக்குக் கடிதம் எழுத. கேட்டாயிற்று. நிக்கித்தாவிடமிருந்து வந்த பதிலில் மழை இருந்தது, ரயில்பாதை வேலை இருந்தது, நிலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தாய் இரண்டு தடவை கேட்க மாட்டாள் என்றாள் மரூக்லா. அடுத்த வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். செவஸ்தி ரோட்ஸ் தீவுக்கு வாக்கப்பட்டுப் போனாள். சக்கெலாரி அண்ணனுக்கு அதன் பிறகு கடிதம் போடவில்லை, வந்ததையும் பிரிக்கவில்லை. அறுபது வருடமாய் உழுகிறாய், சட்டப்படி உனக்கே சொந்தம் என்று வக்கீல்கூடச் சொல்லிப் பார்த்தார். "சட்டம் சொல்லி என்ன? அவன் வாயால சொல்லலயே" என்று விட்டார்.

*

முடிச்சு அவிழ்ந்தது. பதினோரு தாள்கள். மேலிருந்து நான்காவதில் பிப்ரவரி முத்திரை.

"இருக்கா?"

"இருக்கு."

"படி. எனக்கு எழுத்து தெரிஞ்சிருந்தா உன்னை ஏன் கெஞ்சறேன். மொதல்லருந்து படி."

தெமெலினா தாளை விரித்து அதன் மேல் கண்ணாடித் தகட்டை வைத்தாள். மடிப்பில் நீலம் வெளுத்திருந்தது. பத்து வயதுக் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் கொண்டைக்கடலை அளவுக்கு.

"'என் அன்பு மகன் நிக்கித்தாவுக்கு. நாங்கள் நலம். உன் நலத்தையே கன்னிமாதாவிடம் வேண்டுகிறேன். வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டது, ஒன்று செத்துவிட்டது...'"

"ஆமா. கருப்புக் குட்டி."

"'உன் தம்பி சக்கெலாரி உன்னை விசாரிக்கிறான். உன் சித்தி கலூதா விசாரிக்கிறாள். அவள் மாமனார் விசாரிக்கிறார். பாதிரியார் விசாரிக்கிறார். ரொட்டிச் சூளைக்கார ஸ்தமாத்தியா விசாரிக்கிறாள்...'"

விசாரித்தவர்கள் முப்பத்தாறு பேர். ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் ஊரில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். சக்கெலாரி ஒவ்வொரு பெயருக்கும் "செத்தாச்சு", "செத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். இடையில் ஒரு பெயருக்கு மட்டும் "இவ இன்னும் கெடக்கா, ஏதென்ஸ்ல, மருமக கையால சோறு தின்னுட்டு" என்றார்.

பெயர்கள் முன்பக்கத்தை முடித்துப் பின்பக்கத்துக்கு ஏறி, ஒட்டுகிற மடிப்பு வரைக்கும் வந்திருந்தன. கடைசியில், நெருக்கி, 'உன் அம்மா மரூக்லா.'

தெமெலினா நிறுத்தினாள்.

"ம்," என்றார் அவர். "மேல போ."

காரியத்தைக் கடைசியில்தான் சொல்வார்கள். வாசலில் நின்று நலம் விசாரித்து முடித்துப் போகும்போது திரும்பிச் சொல்வதைப் போல. அன்றைக்கும் முப்பத்தாறு பேரை முடித்து தன் பெயரையும் போடச் சொல்லிவிட்டு, பிறகுதான் மரூக்லா, "இன்னும் இருக்கு, எழுதும்மா" என்று முந்தானையைப் போலத் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். தாளில் இடமில்லை. ஏரோகிராமுக்குள் வேறு தாள் வைக்கக் கூடாது, வைத்தால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று சிறுமிக்குத் தெரியும். தபால் படகு இரண்டாவது தடவை ஊதிவிட்டது. எழுத்தைப் பெரிதாக எழுதியது தன் தப்பு என்றும் தெரியும். சொல்லப் பயமாக இருந்தது. மரூக்லா சொல்லச் சொல்ல, சிறுமி தாளுக்கு ஒரு நூல் உயரத்தில் பேனாவை இடமிருந்து வலமாக நகர்த்தினாள். வரி முடிகிற இடத்தில் கையைத் திருப்பி இடது பக்கம் கொண்டுவந்தாள். சுவரோரமாக நின்ற சக்கெலாரி பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் நிறுத்திட்டே? அந்த இடம் வந்துருச்சா?"

அந்த வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடம். தாளைப் பார்த்தபடி சொன்னால் போதும், அவருக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. மனிதர் தலையாட்டுவார், தான் இத்தனை வருடம் கோபப்பட்டது சரி என்று எழுந்து போவார். அடுத்த புதன்கிழமை முட்டையோடு வருவார். அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, இதுல அவ்வளவுதான் இருக்கு."

"என்ன வெளயாடறியா? நான் நின்னுட்டிருந்தேன். நீ எழுதுனத என் கண்ணால பாத்தேன்."

"பேனா ஆடுச்சு. தாள்ல படல. எடமில்ல."

சக்கெலாரி தலையைச் சாய்த்தார், சரியாகக் கேட்காதவரைப் போல. அவள் மறுபடி சொன்னாள். ஏரோகிராம், எழுத்தின் அளவு, படகு, பயம். ஒன்றையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை.

வெளியே யாரோ இரும்புச் சங்கிலியைப் படகுத்துறையில் இழுத்துப் போனார்கள்.

"அப்ப அவனுக்குத் தெரியாது."

"தெரியாது."

"நாங்க கேட்டதே தெரியாது."

"ஆமா."

"அவன் செத்த சேதி வந்தப்ப பாதிரியாரு வீட்டுக்கு வந்தாரு. நாப்பதாம் நாளுக்குக் கோதுமை வேகவைக்கணும்னாரு. அவனுக்கு எதுக்குக் கோதுமைன்னு கேட்டேன். ஒரு மெழுகுவத்திகூட ஏத்தல நான்."

தெமெலினா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தொலைபேசியில முப்பது வருஷம் இருந்தியே," என்றார் அவர். கோபக் குரல் இல்லை. "டார்வினுக்கு எத்தன தடவ போட்டுக் குடுத்தே. ஒரு தடவ அவனக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"மொதல்ல பயம். அப்புறம் செவஸ்தி கல்யாணம் ஆயிருச்சு. அதுக்கப்புறம் சொல்லி என்னன்னு இருந்துட்டேன். கடேசில, நீங்க புதன்கிழம வர ஆரம்பிச்சீங்க."

"அம்மா என்ன சொன்னான்னு சொல்லு. நெனவிருக்கா?" என்றார்.

"'நீ வர்றதா இருந்தா வந்துரு, நிலம் உனக்காகக் கெடக்கு. வரலன்னா தம்பிக்குன்னு ஒரு வார்த்த எழுது. அவன் ஒரு பொண்ணப் பாத்து வெச்சிருக்கான், வெளிய சொல்ல வெக்கப்படறான்.'"

"வெக்கப்படறான்," என்றார் சக்கெலாரி. "ஆமா. அப்படித்தான் சொன்னா. நான் சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டேன்."

எழுந்தார். தொப்பியைத் தேடினார்; அது தலையில்தான் இருந்தது. கதவருகே நின்று, "அதுல இப்ப எழுதிர முடியாதா?" என்று கேட்டார்.

"பழைய தாள்ல பேனா வைக்கக் கூடாது அண்ணே. பதிவேட்டுல வேணா எழுதறேன்."

"பதிவேட்டை யாரு படிக்கப் போறா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். முட்டைகள் மேசை மூலையில் இருந்தன.

*

மறுநாள் வியாழன். தெற்குக் காற்று வேக அளவில் ஏழாம் எண்ணுக்குப் போயிருந்ததால் கப்பல் வரவில்லை. தெமெலினா பத்து மணிக்குக் கதவைத் திறந்தாள். காலுறைக்கும் சாவிக்கும் எண் போட்டாள். கடிதங்களைத் தேதி வரிசையில் உறையிலிட்டாள். பிப்ரவரிக் கடிதத்துக்கு எதிரே பதிவேட்டில் இப்படி எழுதினாள்: ஏரோகிராம், ஒரு தாள், இரு பக்கமும் எழுதப்பட்டது. சொன்னவர் மரூக்லா. எழுதியவள் தெமெலினா, வயது பத்து. சொல்லப்பட்டு எழுதாமல் விடப்பட்ட வரிகள் கீழே. அந்த வரிகளை எழுதினாள். எழுதாததன் காரணம்: எழுதியவள் இடமில்லை என்று சொல்லவில்லை.

மதியம் ரொட்டியும் ஆலிவும் சாப்பிட்டாள். இரண்டு மணி வாக்கில் ரொட்டிக்கடைக்காரி வந்து ஒரு திருப்புளி கடன் கேட்டு வாங்கிப் போனாள். பாதிரியார் தெருவில் யாரோடோ பேசிக்கொண்டு போனார். யாரென்று ஜன்னலிலிருந்து தெரியவில்லை, தொப்பி மட்டும் தெரிந்தது. நான்கு மணிக்கு மழை பிடித்தது. ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றிவிட்டு, ஐந்து மணிக்குப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.