ஆர்லிஸ் கேட்ட ஐந்து நட்சத்திரம்

ஆர்லிஸ் கோஸ்கெலா ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் கேக் வெட்டி நீட்டினால்கூட மூன்று தரம் வேண்டாம் என்பாள், நாலாவது தரம் பாதித் துண்டு எடுத்துக்கொள்வாள். அமெரிக்காவின் வடக்கே இரும்புச் சுரங்கப் பக்கத்தில் பிறந்த ஜனங்கள் அத்தனை பேரும் அந்த ரகம்தான். டுலூத் நகரத்துக்குக் குடிவந்து முப்பது வருஷம் ஆகியும் அந்தக் குணம் அவளை விட்டுப் போகவில்லை.

இருபத்தேழு வருஷம் செய்தித்தாள் ஆபீஸில் வரி விளம்பரம் வாங்கிப்போட்டாள். அதை இழுத்து மூடிவிட்டார்கள். அப்புறம் வீடுகளைச் சூடாக்கக் குழாயில் கேஸ் விடும் கம்பெனியின் ஃபோன் அறையில் வேலை கிடைத்தது. கேஸ் வரவில்லை, பில் அதிகமாக வந்துவிட்டது, வீடு மாறுகிறேன் என்று ஜனங்கள் கூப்பிடுவார்கள். ஆர்லிஸ் "சொல்லுங்க சார், சொல்லுங்கம்மா" என்று கடைசிவரை பொறுமையாகக் கேட்டு முடித்துக்கொடுப்பாள். நன்றி என்று யாராவது சொன்னால், "உங்களுக்கு உதவினதுல எனக்குத்தான் சந்தோஷம்" என்பாள். அந்த அறையில் அப்படிப் பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

வினை எங்கே வந்தது என்றால், நட்சத்திரத்தில் வந்தது. ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் கூப்பிட்டவருக்கு ஒரு மெசேஜ் போகும்: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்? ஐந்து போட்டால் பாஸ். நாலு போட்டால், கேட்டுக்கொள்ளுங்கள், நாலு போட்டால் ஃபெயில் மாதிரிதான். சராசரி நாலரைக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஆர்லிஸைத் தேடிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் கிழடு கட்டைகள். "அந்த ஆர்லிஸ் இருக்காளா? அவகிட்டயே குடுங்க" என்று காத்திருந்து பேசுவார்கள். பேசி முடித்ததும் மனசு நிறைந்து நாலு போடுவார்கள். ஒரு கிழவி மறுபடி கூப்பிட்டே சொன்னாள்: "உனக்கு நாலு போட்டிருக்கேன் ஆர்லிஸ். என் வாழ்க்கையில நான் யாருக்கும் மூணுக்கு மேல போட்டதில்ல." அஞ்சு ஏன் போடவில்லை என்று கேட்க ஆர்லிஸுக்கு நாக்கு வரவில்லை. கேட்டிருந்தால் கிழவி திகைத்துப்போயிருப்பாள். அஞ்சு யாருக்குக் கொடுப்பது, கடவுளுக்குத்தானே! அந்தப் பக்கத்து ஜனங்கள் வாயில் மெச்சுதல் என்றால் "மோசமில்ல" என்பதோடு சரி. கல்யாணத்தன்றைக்கு வெள்ளை கவுனில் நின்றவளைப் பார்த்துக் கணவன் எல்டன் சொன்னதும் அதே "மோசமில்ல"தான். அன்றைக்கு அவள் காது வரைக்கும் சிவந்துபோனாள்.

சின்னஞ்சிறுசுகள் கணக்கே வேறு. நம்பரைச் சரியாகச் சொன்னாலே அஞ்சு. அவர்களுக்கு நாலு என்றால் சண்டைக்கு வந்ததாக அர்த்தம். ஆனால் அவர்கள் ஆர்லிஸிடம் பேசினால், "என்ன இந்தம்மா இவ்ளோ விறைப்பா பேசுது, நம்ம மேல கோவமா?" என்று மூணு போட்டுவிடுவார்கள். பாவம், இரண்டு பக்கமும் அடி.

பிப்ரவரி கடைசியில் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினாள் கேலின். கேலின்தான் சூப்பர்வைசர், இருபத்தாறு வயது, நல்ல பெண். மார்ச் முடியும்போது நாலரை இல்லாவிட்டால் வேலை இல்லை என்று தாளில் எழுதியிருந்தது.

"டென்ஷன் ஆகாதீங்க ஆர்லிஸ். கொஞ்சம் லைட்டா பேசுங்க, அவ்ளோதான். சூப்பர், செம, நோ ப்ராப்ளம், இப்படி ஏதாச்சும் போட்டுக்கங்க. முடிக்கும்போது அஞ்சு போடுங்கன்னு கேட்ருங்க."

"நானே வாய்விட்டுக் கேக்கறதா?"

"எல்லாரும் கேக்கறோமே! காரணம் மட்டும் சொல்லக் கூடாது. வீட்ல கஷ்டம், வேலை போயிரும்னு அழுது வாங்கினா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருவாங்க. மத்தபடி தாராளமா கேளுங்க."

வேலை போனால் போகட்டும் என்று உதறிவிட்டு வரலாம். எல்டனுக்கு இதய வால்வு பழுதாகியிருக்கிறதே! ஆபரேஷன் ஏப்ரல் ஒன்பது. செலவை ஏற்பது அவள் வேலையோடு வருகிற காப்பீடு. ஏப்ரல் ஒன்றாம் தேதி அவள் பெயர் கம்பெனி ஏட்டில் இருந்தால் அந்த மாதம் முழுக்க காப்பீடு உண்டு. இல்லாவிட்டால் மார்ச்சோடு சரி. சொந்தக் காசு கட்டி நீட்டிக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. படகையும் விற்றுத் தின்றாயிற்று, அந்தத் தொகைக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

அதனால் ஐம்பத்தெட்டு வயதில் ஆர்லிஸ் பேசப் பழகினாள். சாப்பாட்டு மேஜையில் எல்டன் வாடிக்கையாளராக நடிப்பான்.

"ஹலோ, என் வீட்டுல கேஸ் நின்னு ரெண்டு நாளாச்சு."

"சூப்பர்!"

"புள்ளைங்க குளிர்ல நடுங்குதுங்க."

"செம! நோ ப்ராப்ளம்!"

எல்டன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரிப்பு மூச்சிரைப்பாக மாறியது, உதடு நீலம் பூத்தது. அவள் ஓடிப்போய் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மூச்சு சீரானதும், "மோசமில்ல, நல்லாத்தான் பேசற" என்றான் அவன். அவள் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

ஆனாலும் பழகிவிட்டாள். பத்து நாளில் வார்த்தை தானாக வர ஆரம்பித்தது. முகவரி சொன்னால் சூப்பர், பிறந்த தேதி சொன்னால் சூப்பர். சிறுசுகள் அஞ்சு அஞ்சாகப் போட்டார்கள். கிழடுகளிடம் மட்டும் அஞ்சு போடுங்கள் என்று கேட்க இன்னும் வாய் எழவில்லை. மார்ச் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, அந்த மாதக் கணக்குக்குக் கடைசி நாள். மத்தியானம் இரண்டு மணிக்குத் திரையின் மூலையில் அவள் சராசரி நின்றது: நாலு புள்ளி நாலு ஒன்பது. இன்னும் ஒரே ஒரு அஞ்சு விழுந்தால் எல்டன் பிழைத்தான். மூன்று மணிக்குக் கணக்கை மூடிவிடுவார்கள்.

இரண்டே காலுக்கு ஒரு கிழவர் லைனில் வந்தார். பெயர் ஹார்லன் சோரன்சன். நிதானமான குரல்.

"பேரு மாத்தணும்மா. பில்லு என் வீட்டுக்காரி பேர்ல வருது."

"மாத்திரலாம் சார். அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க."

ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"சூப்பர். வீட்டு முகவரி?"

சொன்னார்.

"சூப்பர் சார். என்ன காரணத்துக்காக மாத்தறீங்க?"

"தவறிட்டா."

"ஐயோ, ரொம்ப வருத்தமா இருக்கு சார்," என்றாள் ஆர்லிஸ். அது மனசிலிருந்து வந்த வார்த்தை. ஆனால் படிவத்தில் அடுத்த கட்டம் காலியாக இருந்தது. கண் பாதி நேரம் மூலையில் இருந்த நாலு புள்ளி நாலு ஒன்பதில் இருந்தது.

"தேதி மட்டும் சொல்ல முடியுமா சார்?"

"மார்ச் பதினேழு."

"சூப்பர்," என்றாள் ஆர்லிஸ்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் அடுப்படிக் கடிகாரம் ஒன்று ஓடுவது மட்டும் கேட்டது.

"சார்... ஐயோ சார், என் வாயில மண்ணு விழ! நான் அப்படி நெனச்சுச் சொல்லல. இங்க இப்படிப் பேசச் சொல்லி... மன்னிச்சிருங்க சார்."

"தெரியுதும்மா, விடு." கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கல்லறையில குழி தோண்டின பையன் இருக்கானே, அவனுக்கு நன்றி சொன்னேன். நோ ப்ராப்ளம்னான். எனக்கு எவ்ளோ பெரிய ப்ராப்ளம்னு அவனுக்கு என்ன தெரியும்! இப்பல்லாம் எல்லாரும் இப்படித்தான். நீ வயசானவ மாதிரி இருக்க, நீயுமான்னுதான் ஒரு நிமிஷம் யோசிச்சேன்."

ஆர்லிஸ் பில்லில் பெயரை மாற்றினாள். இந்த மனுஷன் நாலு போட்டாலே அது புண்ணியம், இந்த லட்சணத்துக்கு ஒன்று போட்டாலும் தப்பில்லை. மணி இரண்டரை. இனிமேல் ஒரு அழைப்பு வருமோ வராதோ. வந்தாலும் போடுவார்களோ மாட்டார்களோ. எல்டனின் நீல உதடு கண் முன்னால் வந்தது, அவ்வளவுதான், முழு ஆயுசுக்கும் மூடியிருந்த வாய் திறந்துகொண்டது.

"சார், உங்ககிட்ட இதைக் கேக்க எனக்கு அருகதை இல்ல. இப்ப ஒரு மெசேஜ் வரும், அதுல அஞ்சு நட்சத்திரம் போடுங்க சார். நாலு வேண்டாம், அஞ்சு. அஞ்சு இல்லேன்னா இன்னிக்கு என் வேலை போயிரும். என் வீட்டுக்காரருக்கு ஏப்ரல் ஒம்போது இதய ஆபரேஷன். வேலை போனா காப்பீடு போயிரும். உங்க கால்ல விழறேன் சார்."

"அஞ்சா?" கிழவர் உண்மையிலேயே தயங்கினார். "நான் யாருக்கும் போட்டதில்லையேம்மா."

"தெரியும் சார். நானும் யாருக்கும் போட்டதில்ல."

"வீட்டுக்காரருக்கு என்ன வயசு?"

"அறுபத்திரண்டு."

"சின்ன வயசாச்சே," என்றார். "சரிம்மா. இந்த ஃபோன்ல தட்டறதுக்கு எனக்கு நேரம் ஆகும். என் வீட்டுக்காரி வெர்னாதான் பாத்துக்குவா இதெல்லாம். போட்டுடறேன், நீ கவலைப்படாதே."

இரண்டு நாற்பத்தாறுக்கு மூலையில் எண் மாறியது. நாலு புள்ளி ஐந்து பூஜ்யம்! ஆர்லிஸ் நாற்காலியை விட்டு எழுந்தாள். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். பக்கத்து மேஜைப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். எல்டனுக்கு ஃபோன் போடலாமா என்று நினைத்தாள். வேண்டாம், வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்.

மூன்றே காலுக்குக் கேலின் வந்து, "ஆர்லிஸ், ஒரு நிமிஷம்," என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

கேலினின் அறையில் திரையில் அந்த மெசேஜ் இருந்தது. ஐந்து நட்சத்திரம். கீழே கருத்து எழுதுகிற கட்டத்தில் சோரன்சன் பதினாறு நிமிஷம் பாடுபட்டு எழுதியிருந்தார்:

"இந்த அம்மா மரியாதை தெரிந்தவர். கணவருக்கு ஏப்ரல் ஒன்பது இதய ஆபரேஷன், ஐந்து போடாவிட்டால் வேலை போய்விடும் என்று அழுது கேட்டுக்கொண்டார். அதனால் ஐந்து போட்டிருக்கிறேன். தயவுசெய்து இவரை வேலையை விட்டு எடுக்காதீர்கள். ஹார்லன் சோரன்சன்."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஐந்து போட்டால் ஏன் போட்டோம் என்று காரணம் சொல்ல வேண்டுமல்லவா! கூடவே ஒரு சிபாரிசும் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகப் போய்ப் படுத்திருப்பார்.

"அழிக்க முடியுமான்னு பாத்தேன் ஆர்லிஸ். சத்தியமா பாத்தேன்," என்றாள் கேலின். "அதுக்குள்ள மேலிடத்துக்குப் போயிருச்சு. நீங்க ஃபோன்ல பேசின பதிவையும் போட்டுக் கேட்டுட்டாங்க. இது செல்லாதுன்னுட்டாங்க."

"செவ்வாய்க்கிழமைதான் ஏப்ரல் ஒண்ணு," என்றாள் ஆர்லிஸ். "நாலு நாள். நாலே நாள் என் பேரை வெச்சிருங்க. சம்பளம் வேண்டாம். இந்தத் தரையைக் கூட்டறேன்."

"என் கையில எதுவுமே இல்ல. நீங்க செம ஆளு ஆர்லிஸ்..." கேலின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆர்லிஸ்தான் அவளுக்கு டிஷ்யூ எடுத்துக்கொடுத்தாள்.

வீட்டில் எல்டன் ஜன்னலோரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. எல்டன் வேலையைப் பற்றியும் கேட்கவில்லை, ஆபரேஷனைப் பற்றியும் கேட்கவில்லை.

"அந்தாளுக்குப் பொண்டாட்டி போய் எத்தனை நாளாச்சு?"

"பதினோரு நாள்."

"பதினோரு நாள். அவர்கிட்டயா போய் எனக்காகக் கெஞ்சின? நம்ம வீட்டுக் கதையைச் சொல்லி?" அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "இப்படி ஒரு உசிரு எனக்கு வேணுமா ஆர்லிஸ்?"

"எனக்கு வேணும்!" என்று கத்தினாள் அவள். முப்பது வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. "உனக்கு வெக்கமா இருந்தா நீ வெக்கப்படு. எனக்கு நீ வேணும். அவர்கிட்டயும் கெஞ்சினேன், அந்தச் சின்னப் பொண்ணுகிட்டயும் கெஞ்சினேன். இன்னும் நாலு நாள் இருக்கு, பாக்கற ஆள்கிட்ட எல்லாம் கெஞ்சுவேன்."

எல்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கோட்டுப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, கம்பெனியின் தலைமை ஆபீஸ் நம்பரைத் தட்டினாள். பதினெட்டு நிமிஷம் பாட்டு ஓடியது. அவள் உட்காரவில்லை. பிறகு ஒரு பையன் எடுத்தான், குரலைக் கேட்டால் இருபது வயதுகூட இருக்காது.

"ஹாய், எப்படி இருக்கீங்க? சொல்லுங்க, என்ன பண்ணலாம்?"

"என் பேரு ஆர்லிஸ் கோஸ்கெலா, தம்பி," என்றாள். "தயவு பண்ணி ஃபோனை வெச்சிராதே. நான் கெஞ்சத்தான் கூப்பிட்டிருக்கேன்."