சுவரில் போய் முட்டுகிற ரோடு

எங்கள் ஊரில் இல்லாத ரோட்டை மேப்பில் இழுத்துவிட்ட உன் பேர் எனக்குத் தெரியாது, மூஞ்சி தெரியாது, நீ ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ஆனால் இழுத்தது நீதான். அழிக்கச் சொல்லி நான் எழுதி அனுப்பும்போதெல்லாம் 'திருத்தம் ஏற்கப்படவில்லை' என்று திருப்பி அடிப்பதும் நீதான். அதனால் இதை உன்னைப் பார்த்தே எழுதுகிறேன். போன் சொன்ன பேச்சைக் கேட்டுப் போய் யார் வீட்டு மாட்டுக்கொட்டாய் முன்னாலோ நின்று அசடு வழிந்த மற்றவர்களும் வந்து உட்காருங்கள். நம்ம எல்லாருக்கும் ஒரே வியாதிதான்.

இருக்கிற கடையை, இருக்கிற இடத்தில், இருக்கிறதாக மேப்பில் காட்டுவதற்கு ஜனங்கள் காசு கொடுக்கிற விசித்திரமான தொழில் என்னுடையது. முன்னே ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், ஒட்டுகிற லைனில் நின்றேன். சூப்பர்வைசரோடு சண்டை போட்டு வெளியே வந்து, ரிஜெக்ட் ஆன செருப்பைத் தள்ளுவண்டியில் போட்டு விற்றேன். பேரம் பேசக் கற்றுக்கொண்டது அந்த வண்டிக்குப் பின்னால் நின்றுதான். இப்போது ஆம்பூர் பைபாஸ் பக்கத்தில் ரெண்டு கம்ப்யூட்டர் போட்ட ஒரு கடை. ஒன்றில் நான், இன்னொன்றில் நஸ்ரீன். வருகிறவர்களிடம் கத்துவது என் டிபார்ட்மெண்ட். தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது அவள் டிபார்ட்மெண்ட்.

மேப் பின் சரி, வழி தப்பு

நஸ்ரீன் வீடு ஒரு பழைய தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடுகிற பட்டறைக்கு, பின்னால் இருக்கிற சந்தில். ஷாப் மூடி ரொம்ப காலம் ஆகிறது. உள்ளே லாரி போய்வந்த பாதையை மறித்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள், ஆள் உயரத்துக்கு மேலே. நீ என்ன செய்தாய், மேலேயிருந்து எடுத்த படத்தில் அந்தப் பாதையைப் பார்த்து அதை ஊர் ரோடு என்று கோடு போட்டுவிட்டாய். சுவர் மேலேயிருந்து பார்த்தால் ஒரு நூல் மாதிரிதானே தெரியும். மேப்பில் அவள் வீட்டுக்குக் குத்தின சிவப்புப் பின் மிகச் சரியாக அவள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. ஆனால் அதைத் தொட்டு வழி கேட்டால், அதுதான் குறுக்கு வழி என்று போன் எல்லாரையும் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்தப் பக்கம்தான் மற்ற ஷாப்புக்காரர்கள் தோலிலிருந்து சீவின கழிவைக் கொட்டிக் காய வைக்கிற இடம். ஈயும் நாயும் தவிர யாரும் விரும்பிப் போக மாட்டார்கள்.

அவளைப் பெண் பார்க்க பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. கார் உன் கோட்டிலேயே வந்து சுவரில் நின்றது. கண்ணாடியை இறக்கினார்கள், உடனே ஏற்றினார்கள். நஸ்ரீனின் அப்பா யூசுப் பாய் சுற்றிக்கொண்டு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வண்டி திரும்பிப் போய்விட்டது. வீட்டில் டீயெல்லாம் ஆறிப்போயிற்று. மறுநாள் வேலைக்கு வந்தவளிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். மானிட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பொண்ண பாத்து வேணாம்னு சொல்லுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்க்கா. என்னை மேப்பைப் பாத்தே வேணாம்னுட்டாங்க."

அன்றைக்குத்தான் உனக்கு முதல் திருத்தம் அனுப்பினேன். போட்டோ கேட்டாய். சுவரைப் படம் எடுத்து அனுப்பினேன். ஏற்கவில்லை. சுவரோடு சேர்ந்து நானும் நின்று இன்னொரு படம் அனுப்பினேன். அதையும் ஏற்கவில்லை.

பனிக்கட்டியில் தோல் ஷாப்

இஸ்மாயில் பாய் சின்னதாக ஒரு தோல் ஷாப் வைத்திருக்கிறார். லைசென்ஸ் புதுப்பிக்க ஷாப் இருக்கிற இடத்தை மேப்பில் குறித்துக் கொடுக்க வேண்டும். யாரிடமோ கொடுத்துச் செய்து வாங்கின பைலோடு வந்தார். "திறந்தா வெள்ளையா இருக்கும்மா, ஒண்ணுமே இல்ல" என்றார். நானும் திறந்தேன். வெள்ளை. பெரிதாக்கினேன், வெள்ளை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், அப்புறமும் வெள்ளை. இதைச் செய்துகொடுத்தவனை நான் திட்ட ஆரம்பித்ததும் நஸ்ரீன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, மேப் வந்திருக்குது. அந்த ஊரே வெள்ளைதான்" என்றாள். அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். முதலில் வரவேண்டிய பன்னிரண்டு பின்னாடி, பின்னாடி வரவேண்டிய எழுபத்தெட்டு முன்னாடி. ஆம்பூரில் இந்தத் தப்பைச் செய்தால் நேராக வட துருவத்துப் பக்கம் பனிக்கட்டி மேலே போய் இறங்குவோம். உங்கள் மேப்பும் வெள்ளையாகவோ நீலமாகவோ வந்தால் மிஷினை அடிக்காதீர்கள், முதலில் எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இஸ்மாயில் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பனியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும்மா. அந்தக் குளிர்ல தோல் கெடாது, உப்பு செலவு மிச்சம்."

வெள்ளிக்கிழமை வந்த லாரி

எங்கள் பக்கம் தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஞாயிறு வேலை நாள். இது ஊரில் நாய்க்குட்டிக்கும் தெரியும், மேப்புக்குத் தெரியாது. கடை சேர்க்கும்போது நேரம் போடாமல் விட்டாலோ, யாராவது பார்க்காமல் தட்டிவிட்டாலோ, ஞாயிறு மூடியிருக்கும், வெள்ளி திறந்திருக்கும் என்று அச்சடித்த மாதிரி காட்டும். அதே இஸ்மாயில் பாய்க்கு ஈரோட்டிலிருந்து இன்னும் பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிட்டது. ஷாப் பூட்டியிருந்தது. டிரைவர் நிழல் தேடி எங்கள் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். உப்பு போட்ட தோல்தான், ஆனாலும் வெயிலில் நிற்கிற லாரி சும்மா இருக்குமா?

நான் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன். டிரைவர் பாவம், வயசானவர், கையெடுத்துக் கும்பிட்டார். நஸ்ரீன் என்னைத் தாண்டிப் போய் அவரை உள்ளே கூப்பிட்டு ஃபேன் கீழே உட்கார வைத்தாள். தான் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்து வைத்தாள். தொழுகை முடித்து வந்து இஸ்மாயில் பாய் கேட்டைத் திறக்கிறவரைக்கும் அந்த மனுஷன் இங்கேதான் இருந்தார். அதற்குள் அவள் மேப்பில் ஷாப் நேரத்தைத் திருத்திவிட்டாள். போகும்போது டிரைவர் அவளைப் பார்த்துச் சொன்னது:

"வெள்ளிக்கெழம லீவுன்னு ஒரு வார்த்த போட்டிருந்தாங்கன்னா, நானு ஊட்டுல சோறு தின்னுபோட்டு வந்திருப்பனுங்க கண்ணு. ஆனா உங்க சோறு கெடச்சிருக்காதுங்களே."

நகர்ந்து போன கிணறு

கணியம்பாடியிலிருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேர் வந்தார்கள். சேர்ந்து வந்தார்கள் என்று சொல்ல முடியாது, ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அண்ணன் வாசலுக்கு உள்ளே, தம்பி வாசலுக்கு வெளியே. சொட்டுநீர் போடுவதற்காக நிலத்தை அளந்து மேப்பில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் அண்ணன் கிணறு தம்பி நிலத்தில் இருந்தது. 'அப்பா கிணறு எனக்கும் பாத்தியம்னு அப்பவே சொன்னேனே' என்று தம்பி ஒரு வார்த்தை விட்டிருக்கிறார். அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

இது ஒரு கெட்ட தப்பு, நல்லாக் கவனிச்சுக்கோங்க. பழைய அளவுமுறையில் போட்ட படத்தைப் புது அளவுமுறை என்று சாஃப்ட்வேர் நினைத்துக்கொண்டால், படம் முழுக்க ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். கிணறு மட்டுமில்லை, வரப்பு, பம்ப்செட், கோயில் எல்லாமே நகர்ந்திருந்தது. கோபத்தில் இருந்தவர்களுக்குக் கிணறு மட்டும்தான் கண்ணில் பட்டது. நஸ்ரீன் அளவுமுறையை மாற்றிவிட்டதும் எல்லாம் ஒன்றாக நடந்து அதனதன் இடத்தில் போய் நின்றது. அண்ணன் திரும்பி வாசலைப் பார்த்தார். தம்பி உள்ளே வரவில்லை. அண்ணன் என் காதுக்குக் கிட்டே வந்து கேட்டார்:

"எம்மா, கம்ப்யூட்டர்தான் தப்பு பண்ணுச்சுன்னு நீயே அவன்கிட்ட சொல்லேன். நான் சொன்னா அழுதுடுவேன்."

மேப் ஆபீஸ் பேசுது

அந்த லாரி விஷயத்துக்கு அப்புறம் இஸ்மாயில் பாய் நஸ்ரீனுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மேல்விஷாரத்துப் பையன், ஷூ கம்பெனியில் வேலை, அவர் வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அம்மாவும் அக்காவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்க்க வருகிறார்கள், பையன்தான் கார் ஓட்டி வருவான், வழக்கப்படி உள்ளே வரமாட்டான் என்றார். நஸ்ரீன் அந்த வாரம் பூராவும் வேலைக்கு நடுவில் தன் வீட்டு வழியை மேப்பில் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது சுவருக்குத்தான் போயிற்று. நான் உனக்கு மறுபடியும் எழுதினேன். நீ மறுபடியும் ஏற்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். இந்தத் தடவை விடக்கூடாது என்று யூசுப் பாய் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டு முனைக்கே போய் நின்றுவிட்டார், காரைக் கையைக் காட்டி நிறுத்த. போனைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டுப் போனார். கார் என்ன செய்தது என்றால், பாலத்தில் நெரிசல் என்று போன் வேறு பக்கமாகத் திருப்பிவிட, அவர் நின்ற முனைக்கே வராமல் நேராகச் சுவருக்குப் போய்விட்டது. வீட்டில் போன் அடித்தது. அவள் அம்மா கை எண்ணெயாக இருந்தது. நஸ்ரீன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ, மேல்விஷாரத்துலருந்து வர்றோம். வந்து சேர்ந்துட்டீங்கன்னு போன் சொல்லுது. எதிர்ல சுவரு இருக்குது."

நஸ்ரீனுக்கு என்ன ஆயிற்றோ, கடையில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "சார், கண்ணாடிய ஏத்திக்கோங்க. போன்ல வழி பாக்காதீங்க, நான் சொல்றேன். மெதுவா ரிவர்ஸ் எடுங்க."

"எவ்ளோ தூரம் ரிவர்ஸ்?"

"ட்ரான்ஸ்பார்மர் வர்ற வரைக்கும். இடது பக்கம் சாக்கடை இருக்கு, பாத்து."

"நீங்க யாரு பேசறது?"

நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"மேப் ஆபீஸ்" என்றாள்.

நான் புடவையை வாயில் அடைத்துக்கொண்டேன். "யூசுப் பாய் நம்பருக்குப் போட்டா மேப் ஆபீஸுக்கு எப்படி வரும்?" என்றான் பையன்.

"கால் டைவர்ட் சார். ஹாரன் அடிக்காதீங்க, இங்க வரைக்கும் கேக்குது."

"அப்ப ஆபீஸ் இந்தச் சுவத்துக்குப் பின்னாடியேதான் இருக்குதா?"

அவள் ட்ரான்ஸ்பார்மர், மசூதி, மருந்துக் கடை, அப்புறம் பச்சைக் கேட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காரை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, போனைச் சார்ஜரில் போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போனாள்.

பையனின் அம்மா உள்ளே வந்ததும் யூசுப் பாய் மனைவி வாசனைக்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். "தோல் வாசனைக்கு மூஞ்ச சுளிச்சா எங்க வீட்ல சோறு ஏதுங்க" என்று அந்தம்மா உட்கார்ந்தார். நஸ்ரீன் முக்காட்டோடு தட்டைக் கொண்டுவந்து வைத்து சலாம் மட்டும்தான் சொன்னாள். ஒரே வார்த்தை. அந்தம்மா டீயைக் கீழே வைத்தார். காரில் போன் ஸ்பீக்கரில்தான் இருந்திருக்கிறது. நஸ்ரீனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"நான் சொல்லி ஒரு நாளும் அவன் வண்டியத் திருப்பினதில்லம்மா. நீ சொன்னே, பேசாம ரிவர்ஸ் எடுத்தான். இனிமே அவன நீயே பாத்துக்கோ."

உனக்கு

இப்போது உன்னிடம் வருகிறேன். இந்தப் பெண்ணுக்கு உன் கோடு நல்லதுதானே செய்தது என்று நீ கேட்பாய். கேட்காதே, எனக்குக் கோபம் வரும். அது அவள் வாயால் வந்த நல்லது, உன் கோட்டால் வந்ததில்லை. சம்மதமா என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "திட்டாம ரிவர்ஸ் எடுக்கறவரு கிடைக்கறது கஷ்டம்க்கா" என்றாள். அவ்வளவுதான். ரம்ஜான் முடிந்து நிக்காஹ். அவள் வீட்டு வாசலிலேயே பந்தல்.

பேரமே பேசுகிறேன், வா. உனக்கு என்ன வேண்டும்? இன்னும் போட்டோ வேண்டுமா, தருகிறேன். மூடிக் கிடக்கிற அந்தத் தோல் ஷாப்பு ஓனரிடம் எழுதி வாங்கித் தர வேண்டுமா, தருகிறேன். நேரில் பார்த்தால்தான் நம்புவாயா, ஆம்பூருக்கு வா, பஸ் காசு என்னுடையது, பிரியாணியும் என்னுடையது, அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பார். தொட்ட கையோடு கோட்டை எடுத்துவிடு. இதுக்கு மேல இறங்கி வர எனக்குத் தெரியாது. நான் யாருக்கும் இவ்வளவு இறங்கினதில்லை.

மேல்விஷாரத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வண்டி வண்டியாக ஜனம் வரப்போகிறது, ஒவ்வொரு வண்டிக்கும் கல்யாணப் பெண்ணே போன் எடுத்து மேப் ஆபீஸ் பேசுது என்று சொல்ல முடியாது, ஊருக்கெல்லாம் வழி சொன்னவள் அந்த ஒரு நாளாவது பூ வைத்துக்கொண்டு சும்மா உட்காரட்டும், அந்தக் கோட்டை அழித்துவிடு.