கேபிளின் இரண்டு முனையும் சுவரில்

வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆயுத பூஜை வந்துவிட்டது. பெங்களூர் ஓரத்தில், ஹெப்பகோடிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் ட்ரெய்னி. கோலார் தங்கவயலில் டிப்ளமோ முடித்தவள்தான், ஆனால் உண்மையான ஸ்விட்சைக் கையால் தொட்டது இங்கேதான். லைட் ஸ்விட்ச் இல்லை. ரேக் என்கிற இரும்புக் கூண்டுக்குள் அடுக்கி வைத்த தட்டைப் பெட்டி, முகம் பூரா கேபிள் செருகுகிற ஓட்டை, ஓட்டைக்கு ஒரு குட்டி விளக்கு. ஒரு மாடியில் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் சுவருக்குள் ஓடும் கேபிள் வழியாக அதில் வந்து சேரும். மாடிக்கு மாடி, கட்டடத்துக்குக் கட்டடம் அந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்.

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் லேசுப்பட்ட விஷயமா? காலேஜ் பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று, ஜெனரேட்டருக்கு மாலை, எங்கள் ரேக்குக்குச் சந்தனம். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் துடைத்து ஒழுங்கு பண்ணியாக வேண்டும். லேப் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறது ஒரு அக்கா. நீலசந்திராவிலிருந்து பஸ் மாறி மாறி வருவார். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, வேலை அதைவிடச் சுத்தம். இரண்டாவது மாடி ஸ்டாஃப் ரூமில், மேசைக்கடியில், ஒரு கேபிள் அவர் கண்ணில் பட்டது. ஒரு முனை சுவரில் இருக்கிறது, இன்னொன்று தரையில் கிடக்கிறது. பூஜை நாளும் அதுவுமாய் அதை அப்படியே போட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் ஒரு காலி சாக்கெட் இருந்தது. செருகினார், இரண்டு சாக்கெட்டுக்கும் குங்குமம் வைத்தார், கும்பிட்டுவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஃபீஸ் கவுண்டர் நின்றது. கைரேகை மிஷின் நின்றது. கீழ் லேபில் கடைசி வருஷப் பிள்ளைகள் ஒரு கம்பெனிக்கு ஆன்லைன் டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார்கள், அதுவும் நின்றது. நான் ரேக் ரூமுக்கு ஓடினால், அத்தனை விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்த மாதிரி துடிக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பூஜைக்கென்றே சீரியல் செட் போட்டார்களோ என்று ஒரு நொடி நினைத்தேன். பின்னால் வந்த என் சீனியர் தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்தபிறகுதான் விஷயம் விபரீதம் என்று புரிந்தது.

கட்டடம் கட்டடமாக இணைப்பைக் கழற்றி, மாடி மாடியாகத் தேடி, சாயங்காலம் அந்தக் கேபிளைக் கண்டுபிடித்தோம். குங்குமம் வைத்தது யார் என்று விசாரித்தால் தெரிந்துவிடாதா? நிர்வாக அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கன்னடத்தில் கத்தினார். இன்னொரு தடவை நெட் போய், அதில் அக்கா கை இருந்ததாகத் தெரிந்தால் வேலை கிடையாது என்றார். அன்றிலிருந்து லேப் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, ஹாஸ்டல் கக்கூஸ்தான். அந்தச் சம்பளத்தில்தான் அக்கா வீடே ஓடுகிறது. அவர் புருஷன் படுத்த படுக்கை. அது போதாதென்று காலேஜ் பூராவும் ஒரு பேச்சு கிளம்பியது, அவர் ராசியில்லாத கை என்று. யார் வீட்டு நெட் மெதுவாகப் போனாலும் அவரைச் சொல்லிச் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சுவரில் எங்கே சாக்கெட்டைப் பார்த்தாலும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு கேபிள், அதுவும் நல்லெண்ணத்தில் செருகினது, ஒரு காலேஜையே சாய்க்குமா? சனிக்கிழமை ஊருக்குப் போகும் ரயிலில், லேடீஸ் பெட்டியின் கதவோரம் நின்றபடி, போனில் அதையே படித்தேன். விஷயம் இதுதான். ஒரு கம்ப்யூட்டர் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கேள்வி கேட்டால், ஸ்விட்ச் அதைத் தன் மற்ற எல்லா வாசலிலும், அதாவது கேபிள் செருகுகிற ஒவ்வொரு ஓட்டையிலும், நகல் எடுத்து அனுப்பும். இரண்டு வாசலை ஒரே கேபிள் இணைத்தால், போன கேள்வி திரும்ப உள்ளே வரும், மறுபடி நகலாகும். ஹாஸ்டலில் கிளம்பின வதந்தி மாதிரி, ஊதி ஊதிப் பெருகிக்கொண்டே போகும். நல்ல பேச்சு எதுவும் நடுவில் நுழைய முடியாது.

அடுத்த பக்கத்தைப் படித்தபோதுதான் ஆடிப்போனேன். அந்தப் பெட்டிகளுக்கு இது தெரியுமாம். அவை ஓயாமல் ஒன்றுக்கொன்று சின்னச் சின்னச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்குமாம். யாரும் சொல்லாமலே தங்களுக்குள் ஒன்றைத் தலைவனாக வைத்துக்கொண்டு, அதுவரை போகிற பாதையை ஒவ்வொன்றும் கணக்குப் போட்டு, வட்டமாகிற வழி ஒன்று இருந்தால் அதை மட்டும் தானே அடைத்துவிடுமாம். நல்ல வழி அறுந்தால் அடைத்ததைத் தானே திறந்துவிடுமாம். அம்மாடி! யார் உட்கார்ந்து இதை யோசித்தார்கள்? நான் தினமும் தூசி தட்டுகிற பெட்டிக்குள் இவ்வளவு நடக்கிறதா? பங்காருப்பேட்டை ஸ்டேஷன் வந்ததுகூடத் தெரியவில்லை எனக்கு.

திங்கட்கிழமை சீனியரைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு புத்தி இருக்கிற பெட்டி அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தது என்று. அவர் கொஞ்சம் மென்று முழுங்கினார். அந்த வசதி இருந்தால், கம்ப்யூட்டரைச் செருகியதும் நெட் வராது, ஸ்விட்ச் அரை நிமிஷம்போல யோசித்துவிட்டுத்தான் விடும். ஆசிரியர்கள் புகார் பண்ணியிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த ஆள் அதை மொத்தமாக அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்புறம் வந்த நாங்களும் தொடவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறதில் கை வைக்காதே என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஸ்டோர் ரூமில் இரண்டு பழைய ஸ்விட்ச் கிடந்தது. கேட்டு வாங்கி மேசையில் வைத்தேன். கம்ப்யூட்டர் செருகும் வாசல் உடனே திறக்கட்டும், ஆனால் அந்த வாசலில் இன்னொரு ஸ்விட்சின் செய்தியோ, சுற்றித் திரும்பிய தன் செய்தியோ வந்தால் அந்தக் கணமே மூடிக்கொள்ளட்டும் என்று கட்டளை எழுதினேன். பிறகு வேண்டுமென்றே ஒரு கேபிளின் இரண்டு முனையையும் செருகினேன். டக்கென்று அந்த விளக்கு ஆரஞ்சானது. பக்கத்து விளக்கெல்லாம் ஒன்றும் நடக்காத மாதிரி பச்சையில் சிமிட்டிக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பிடுங்குவேன், சரிசெய்வேன், மறுபடி செருகுவேன். ஒவ்வொரு தடவையும் அதே ஆரஞ்சு. சாமி சத்தியமாக, கோயில் கருவறையில் திரை விலகும்போதுகூட அப்படி நான் வாயைப் பிளந்ததில்லை.

செமஸ்டர் லீவில் சீனியரை நச்சரித்து, ஒவ்வொரு கட்டடமாக, அணைத்துக் கிடந்த வசதியை இயக்கி, இந்தக் கட்டளையையும் போட்டு முடித்தோம். அக்காவிடம் போய்ச் சொன்னேன். நம்பவே இல்லை. உன் பெட்டி நல்ல பெட்டியாகவே இருக்கட்டும், என்னை விட்டுடு என்றார்.

அடுத்த ஆயுத பூஜை. லேப் கட்டடத்தில் பொரியும் கடலையும் கொடுக்கிறார்கள், அக்கா மட்டும் வெளியே மரத்தடியில் நிற்கிறார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, நேரே நிர்வாக அதிகாரியிடம் போய், போன வருஷம் நடந்ததை இப்பவே, உங்கள் முன்னாலேயே, அதே அக்கா கையால் செய்து காட்டலாமா சார் என்று கேட்டுவிட்டேன். சீனியர் முகம் வெளுத்தது. காலேஜ் பூரா ஓடிக்கொண்டிருக்கிற நேரம். நெட் போனால் நம் மூன்று பேர் வேலையும் போகும் என்று என் காதில் முணுமுணுத்தார். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, நடம்மா என்றார்.

அதே ஸ்டாஃப் ரூம். அக்கா கேபிளை வாங்கவே மாட்டேன் என்றார். போனால் நான்தான் பொறுப்பு என்று அதிகாரியிடமே சொன்னேன். அப்புறம்தான் வாங்கினார். ஒரு முனையைச் செருகினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இன்னொன்றையும் செருகினார்.

மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு வெப் பக்கம் திறந்தது. அதிகாரி ஃபீஸ் கவுண்டருக்குப் போன் போட்டார், ஓடுகிறது என்றார்கள். ஹாஸ்டலில் ஓடுகிறது. லேபில் ஓடுகிறது. சுவருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், எங்கேயோ ஒரு பெட்டி ஒரே ஒரு வாசலை மூடிவிட்டு எங்கள் எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அக்கா கண்ணைத் திறந்தார். "போச்சா?"

"போகலக்கா."

அவர் கேபிளைப் பிடுங்கினார். யாரும் கேட்காமலே திரும்பவும் செருகினார். சாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன, புதுசா வாங்கினீங்களா?"

"இல்லக்கா. அதே பெட்டிதான். உள்ளேயே இருந்தது. அணைச்சு வெச்சிருந்தாங்க."

"போன வருஷமும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அக்கா என்னைப் பார்த்தார், சீனியரைப் பார்த்தார், கடைசியாக அதிகாரியைப் பார்த்தார். "அப்ப அதை அணைச்சவனை எந்தக் கக்கூஸ் கழுவ அனுப்பினீங்க?"

அதிகாரிக்குத் தமிழ் நன்றாகவே புரியும். நாளையிலிருந்து லேப் கட்டடத்துக்கே வந்துவிடம்மா என்று மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கு எதுக்கு சார்," என்று சொல்லிவிட்டு, அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அறையைக் கூட்ட ஆரம்பித்தார்.